நீட் கோச்சிங்குக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி: தம்பிக்கு எத்தனை கதவு திறந்திருக்குன்னு எண்ணிப் பாருங்க

நம்ம சேனல்ல வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு பில்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்கு பேசப் போறது உங்க சம்பளத்துல இருந்து போற பணம்தான், ஆனா செலவு உங்களுக்கு இல்ல. வேலைக்குப் போய் ரெண்டு மூணு வருஷம் ஆன நிறைய பேருக்கு முதல் பெரிய செலவு பைக் கிடையாது, தம்பி தங்கச்சியோட நீட் கோச்சிங். வீட்ல இருந்து போன் வரும். "ஒரு வருஷம் மட்டும் பார்த்துக்கப்பா, அவன் டாக்டர் ஆயிட்டா நம்ம குடும்பமே மாறிடும்." இந்த வார்த்தைக்கு மறுப்பு சொல்ல யாருக்கும் மனசு வராது. மறுக்கவும் வேண்டாம். ஆனா கொடுக்கற பணம் எந்தக் கதவைத் திறக்குது, எந்தக் கதவை மூடுதுன்னு கணக்கு போட வீட்ல ஒரு ஆள் வேணும். பெரும்பாலும் அந்த ஆள் நீங்கதான்.

பேச வசதியா ஒரு ஊரை எடுத்துக்கறேன், சின்னசேலம். காரணம் இருக்கு. 2019 நவம்பர்ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. 2022 ஜனவரி 12-ம் தேதி தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 புது அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்களே, அதுல ஒண்ணு கள்ளக்குறிச்சி. சிறுவங்கூர்ல இருக்கு, வருஷத்துக்கு 150 இடம். மரவள்ளி, மக்காச்சோளம் போடற குடும்பத்துப் பையன் பஸ்ல போகும்போதே மெடிக்கல் காலேஜைப் பார்க்கறான். ஆசை வராம இருக்குமா? இந்தப் பக்கம் ஆத்தூர் ரோட்டுல போனா, தலைவாசல் வி.கூட்ரோட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி. வடக்கே கல்வராயன் மலை, அங்க பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். ஒரு பையனுக்கு முன்னாடி எத்தனை வழி இருக்கு, எது எப்போ மூடுதுன்னு பார்க்க இந்த ஊரே போதும்.

முதல்ல நம்பர். 2025 நீட் எழுதினவங்க சுமார் 22.09 லட்சம் பேர். அதுல தகுதி பெற்றவங்க 12.36 லட்சம். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடம், தனியார் கல்லூரியும் சேர்த்து, சுமார் 1.2 லட்சம். அதாவது "நீட் பாஸ்"னு சொல்ற பத்து பேர்ல ஒருத்தருக்குத்தான் சீட். பல வீட்ல இங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது. அந்த வருஷம் பொதுப் பிரிவுக்கு தகுதி மதிப்பெண் 720-க்கு 144. அதைத் தாண்டினதும் "பாஸ் ஆயிட்டான், இன்னும் கொஞ்சம் முட்டினா சீட்டு"ன்னு பேச்சு வந்துடும். தகுதி மதிப்பெண்ணுக்கும் அரசுக் கல்லூரி இடத்துக்கும் நடுவுல நூத்துக்கணக்கான மார்க் இடைவெளி இருக்கும்.

சீட் கிடைச்சாலும் எந்த சீட்டுங்கறதுல மொத்தக் கதையும் மாறிடுது. அரசு மருத்துவக் கல்லூரியில வருஷக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். தனியார் கல்லூரியில அரசு ஒதுக்கீட்டு இடம்னா வருஷத்துக்கு நாலரை லட்சம் அளவுல. நிர்வாக ஒதுக்கீடுன்னா பதிமூணு லட்சத்துக்கு மேல. மூணுக்கும் பேர் எம்பிபிஎஸ்தான். ஆனா உங்க சம்பளத்துக்கு முதலாவது ஒரு போன் விலை, மூணாவது ஊர்ல இருக்கற நிலம்.

சரி, கதவு விஷயத்துக்கு வருவோம். ஷேர் மார்க்கெட் பார்க்கறவங்களுக்கு ஆப்ஷன்னா என்னன்னு தெரியும். சின்னத் தொகை பிரீமியமா கட்டறீங்க. ஒரு உரிமை கிடைக்குது, கட்டாயம் இல்ல. எக்ஸ்பைரி தேதி தாண்டினா அதுக்கு மதிப்பு பூஜ்யம். (எஃப் அண்ட் ஓ பண்ணுங்கன்னு சொல்லல, தயவு செஞ்சு பண்ணாதீங்க.) படிப்புலயும் அதே கதைதான். பிரீமியம் ரொம்பக் கம்மி, சில கதவுக்கு 500 ரூபாய், சிலதுக்கு பைசா கூட இல்ல. ஆனா எக்ஸ்பைரி தேதி யாருக்கும் தெரியறதில்ல.

முதல் எக்ஸ்பைரி நீட்டுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துடுது. பத்தாவது ரிசல்ட் வந்த வாரம். குரூப் எடுக்கணும். டாக்டர்னு முடிவு பண்ணின வீட்ல, "கணக்கு எதுக்கு, பாரம், அதை விட்டுட்டு தாவரவியல் விலங்கியல் எடு, நீட்டுக்கு முழுசா படி"ன்னு சொல்லுவாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கும். நீட்ல 180 கேள்வி, பாதி உயிரியல், கணக்குல இருந்து ஒண்ணு கூட இல்ல. ஆனா தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் கவுன்சலிங் கட்-ஆஃப் 200. அதுல கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். கணக்கு இல்லாத குரூப்ல சேர்ந்த அன்னைக்கே அந்த 200-ல பாதி போச்சு. அண்ணா பல்கலைக்கழகத்துல இருந்து பக்கத்து ஊர் காலேஜ் வரைக்கும் எல்லாத்துக்கும் கதவு மூடியாச்சு, பதினஞ்சு வயசுல.

பயோ-மேத்ஸ் எடுத்தா நீட்டும் எழுதலாம், இன்ஜினியரிங்கும் போகலாம். பாரம் கூடுதல்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். கணக்கு நிஜமாவே வராத பிள்ளையை அதுல தள்ளினா பிளஸ் டூ மார்க்கே அடி வாங்கும், அதனால மத்த எல்லாக் கதவும் ஆடும். ஆனா பத்தாவதுல கணக்குல எண்பது தொண்ணூறு எடுக்கற பிள்ளை, "நீட்டுக்கு வேண்டாம்"ங்கற ஒரே காரணத்துக்காக கணக்கை விடறது எனக்கு சரின்னு படல. இதுக்கு நீங்க கட்டற பிரீமியம் ஒரு ரூபாய் கூட இல்ல. அந்த ஒரு வாரத்துல வீட்டுக்கு ஒரு போன் போட்டா போதும்.

அதே வாரத்துல இன்னொரு கதவும் மூடுது. எனக்குத் தெரிஞ்சு பணக் கணக்குல இதுதான் பெரிசு. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் படிச்ச பிள்ளை நல்ல மார்க் எடுத்ததும், "நீட் கோச்சிங் சேர்த்து தர்றாங்க"ன்னு பதினொண்ணாவதுக்கு தனியார் விடுதிப் பள்ளிக்கு மாத்திடறாங்க. நாமக்கல், ராசிபுரம், சேலம்னு பஸ் ஏறும். நீங்களும் பெருமையா முதல் தவணையை ஜிபே பண்ணுவீங்க.

2020-ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்த சட்டப்படி, மருத்துவப் படிப்புல மாநில இடங்கள்ல 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் ஆணையத்தோட அறிக்கைக்கு அப்புறம் வந்தது. நிபந்தனை என்னன்னா ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துல எட்டாவது வரை தனியார்ல படிச்சு, அப்புறம் அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்கு ஒரு தளர்வு உண்டு.) கடைசி ரெண்டு வருஷம் மாறினா அவ்வளவுதான், அஞ்சு வருஷம் படிச்சது கணக்குல வராது. சமீப ஆண்டுகள்ல இந்த ஒதுக்கீட்டுல எம்பிபிஎஸ், பிடிஎஸ் சேர்த்து அறுநூறு அளவுல இடம் நிரம்புது. போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள மட்டும்தான், அதனால தேவைப்படற நீட் மார்க்கும் பொதுப் போட்டியை விட நல்லாவே கம்மி. தனியார் கல்லூரியில இடம் கிடைச்சாலும் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டிடும்.

மருத்துவத்தோட முடியல. 2021-ல வந்த இன்னொரு சட்டம் இதே 7.5 சதவீதத்தை இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் கொண்டு போச்சு. பெண் பிள்ளைன்னா புதுமைப் பெண், பையன்னா தமிழ்ப் புதல்வன், கல்லூரியில மாசம் 1,000 ரூபாய். அதுக்கும் அரசுப் பள்ளிப் படிப்புதான் அடிப்படை. (இந்த ரெண்டுலயும் அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ்வழியில படிச்சவங்களையும் அப்புறம் சேர்த்தாங்க.) ஆக, லட்சக்கணக்குல கட்டி பள்ளி மாத்தறப்போ, வாங்கறது கோச்சிங் மட்டும் இல்ல. கையில இருந்த அத்தனை ஒதுக்கீட்டையும் சேர்த்துக் கொடுத்துட்டு வர்றோம். இதை அந்த அட்மிஷன் கவுன்டர்ல யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்க வேலையும் அது இல்ல.

பயிற்சி வேணும்னா அரசுப் பள்ளிக்குள்ளயே இருந்துக்கிட்டு தேடலாம். மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு அரசு மாதிரிப் பள்ளி, விடுதியோட இருக்கு. நீட், ஜேஇஇ மாதிரி தேர்வுகளுக்கு அங்கேயே தயார் பண்றாங்க, அரசுப் பள்ளி அந்தஸ்தும் போகாது. 2025-ல கல்வராயன் மலையோட சேலம் பக்கத்துல, கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில படிச்ச ஒரு மாணவி ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறி சென்னை ஐஐடிக்குப் போனது செய்தியில வந்துச்சு, பார்த்திருப்பீங்க. ஜேஇஇன்னாலே கணக்கு வேணும். அந்த மலையில பதினொண்ணாவது சேரும்போது கணக்கை விட்டிருந்தா, அந்தச் செய்தி வந்திருக்காது.

அடுத்த எக்ஸ்பைரி பன்னிரண்டாவது முடியற நேரத்துல. இங்க தேதிதான் வில்லன். 2025-ஐ எடுத்துக்குங்க. மே 4 நீட். மே 7 இன்ஜினியரிங் விண்ணப்பம் ஆரம்பம், ஜூன் 6 கடைசி. நீட் ரிசல்ட் எப்போ வந்துச்சு? ஜூன் 14. ரிசல்ட் பார்த்துட்டு "சரி, இன்ஜினியரிங் போடலாம்"னு யோசிச்சவங்களுக்கு எட்டு நாள் முன்னாடியே பஸ் போயிடுச்சு. அப்புறம் துணைக் கலந்தாய்வுன்னு ஒண்ணு வரும், ஆனா அது மத்தவங்க எடுத்தது போக மிச்சம் இருக்கற இடம். விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு? 500 ரூபாய், எஸ்சி எஸ்டி மாணவர்களுக்கு 250. கோச்சிங்குக்கு ஒண்ணரை லட்சம் கட்டின வீட்ல இந்த 500 ரூபாயைக் கட்டாம விட்டது கஞ்சத்தனத்தால இல்ல. "அதைப் போட்டா நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்"னு ஒரு நினைப்பு. டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்தா சீக்கிரம் செத்துடுவோம்னு பயப்படற மாமா மாதிரிதான் இதுவும்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வழியா பி.எஸ்சி. விவசாயம், தோட்டக்கலை. இதுக்கும் பிளஸ் டூ மார்க்தான், விண்ணப்பம் மே-ஜூன்ல. கால்நடை மருத்துவம் பி.வி.எஸ்சி.க்கு மாநில இடங்கள் பிளஸ் டூ மார்க்லதான் நிரப்பறாங்க, நீட் தேவையில்ல. அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்கு மட்டும் நீட் மார்க். தமிழ்நாட்டுல ஏழு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அதுல ஒண்ணு நான் சொன்ன தலைவாசல். சின்னசேலத்துப் பையனுக்கு வீட்டுக்குப் பக்கத்துலயே அஞ்சரை வருஷப் படிப்பு, முடிச்சா பேருக்கு முன்னாடி டாக்டர். மாடும் ஆடும் இல்லாத வீடு இல்லாத ஊர்ல, இதை மட்டும் "ரெண்டாவது சாய்ஸ்"னு சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. சும்மாவும் கிடைச்சுடாது, இடம் கம்மி, கட்-ஆஃப் உயரம். அதனாலதான் பிளஸ் டூ மார்க்கை அலட்சியம் பண்ணாதீங்கன்னு தலையில அடிச்சுக்கறேன். நீட் கோச்சிங் போற பிள்ளைங்க பலர் பொதுத் தேர்வை "பாஸ் ஆனா போதும்"னு எழுதறாங்க. நீட் தவிர இங்க சொல்ற பெரும்பாலான கதவுக்கும் சாவி அந்த மார்க்தான்.

பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், ரேடியோகிராஃபி மாதிரி பாராமெடிக்கல் படிப்புகளுக்கும் தமிழ்நாட்டுல மருத்துவக் கல்வி இயக்ககத்தோட தேர்வுக் குழு பிளஸ் டூ மார்க் வச்சுத்தான் இடம் தருது. மறுபக்கம், நீட் தகுதி இருந்தாலே போடக்கூடிய சித்தா, ஆயுர்வேதா, ஹோமியோபதி இருக்கு. ராணுவ நர்சிங் பி.எஸ்சி.க்கு பெண்கள் நீட் மார்க்கோட போடலாம், முடிச்சா அதிகாரி பதவி. எம்பிபிஎஸ் கட்-ஆஃபுக்கு வராத மார்க்கும் இங்க உதவும். விதிமுறை வருஷா வருஷம் மாறும், அதனால அந்த வருஷத்து அறிவிப்பை நீங்களே திறந்து படிச்சிடுங்க.

இன்னொரு கதவை நம்ம ஊர்கள்ல சொல்லவே ஆள் இல்ல. ஐசர்னு ஏழு மத்திய அறிவியல் நிறுவனம் இருக்கு, பக்கத்துல திருப்பதி, திருவனந்தபுரம். அதுக்கு ஐஏடின்னு ஒரு நுழைவுத் தேர்வு. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு, ஒவ்வொண்ணுலயும் 15 கேள்வி. நீட்டுக்குப் படிச்சவனுக்கு முக்கால்வாசி பாடம் ஏற்கனவே தயார். சென்னை ஐஐடியில மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நாலு வருஷ பி.எஸ். படிப்புக்கும் இதே தேர்வுதான். 2025-ல தேர்வு மே 25, நீட் முடிஞ்சு மூணு வாரம். ஆனா விண்ணப்பம் ஏப்ரல் நடுவுலயே முடிஞ்சுபோச்சு. நெஸ்ட்னு இன்னொரு தேர்வு இருக்கு, நாலு பாடத்துல நல்லா எழுதின மூணை மட்டும் கணக்குல எடுப்பாங்க. கணக்கு எடுக்காத பிள்ளைக்கும் அதுல வழி இருக்கு.

இத்தனைக்கும் விண்ணப்பம் போட்டா எவ்வளவு ஆகும்? எல்லாம் சேர்த்து ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய்க்குள்ள. சான்றிதழ் செலவு தனி. சாதி, வருமானம், இருப்பிடம்னு இ-சேவை மையத்துல ஒவ்வொண்ணுக்கும் 60 ரூபாய். ஓபிசி சான்றிதழை மட்டும் ஏப்ரலுக்கு அப்புறம் புதுசா எடுக்கச் சொல்லுங்க, மத்திய கவுன்சலிங்ல பழைய நிதியாண்டு தேதி இருந்தா சிக்கல். முதல் பட்டதாரி சலுகையை நம்பி வீட்ல கணக்கு போட்டிருந்தா, அதை அடிச்சிடுங்க. அண்ணனோ அக்காவோ நீங்க டிகிரி முடிச்சிருந்தா, தம்பி முதல் பட்டதாரி கிடையாது.

இப்போ எல்லாரும் கேட்கற கேள்வி. "இந்த வருஷம் வரல, இன்னொரு வருஷம் ரிப்பீட் பண்ண வைக்கலாமா?"

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். சென்னையில வேலை பார்க்கற ஒருத்தர், கைக்கு வர்றது மாசம் 38,000. தம்பிக்கு ரிப்பீட்டர் பேட்ச் கட்டணம் 1.2 லட்சம்னு வச்சுக்குவோம். இதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 21,600. காலேஜ் ஃபீஸுக்கு ஜிஎஸ்டி இல்ல, கோச்சிங்குக்கு உண்டு. பேம்ஃப்லெட்ல போட்ட தொகையையும் ரசீதுல வர்ற தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்க. விடுதி, சாப்பாடு மாசம் பத்தாயிரம்னு பத்து மாசத்துக்கு ஒரு லட்சம். ஆக மொத்தம் 2.4 லட்சத்துக்கு மேல. பர்சனல் லோன் 14 சதவீதம், மூணு வருஷம்னா இஎம்ஐ சுமார் 8,200. வட்டி மட்டும் 55,000 போகும். சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு, மூணு வருஷத்துக்கு. மேல சொன்ன அத்தனை விண்ணப்பத்துக்கும் ஆகற மொத்தச் செலவு, இதுல ஒரு மாச இஎம்ஐக்கும் கீழதான்.

கல்விக் கடன் இதுக்குக் கிடைக்குமான்னா, பொதுவா பேங்க்ல கல்விக் கடன் தர்றது அங்கீகாரம் பெற்ற படிப்புல அட்மிஷன் கிடைச்சவங்களுக்கு. கோச்சிங்கை அதுல சேர்க்க மாட்டாங்க. அதனாலதான் எல்லாரும் பர்சனல் லோன், நகைக் கடன்னு போறாங்க. வரிச் சலுகை? கோச்சிங் ஃபீஸ் 80சி-யில வராது. நாளைக்கு தம்பி காலேஜ் சேர்ந்து, அவனுக்காக நீங்க உங்க பேர்ல கல்விக் கடன் எடுத்தாலும், அந்த வட்டிக்கு 80இ கழிவு உங்களுக்குக் கிடைக்காது. அந்தப் பிரிவுல தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைக்கு, சட்டப்படி காப்பாளரா இருந்தா அந்த மாணவருக்குன்னுதான் இருக்கு. தம்பி தங்கச்சி அதுல வரல. அதனால கடனை தம்பி பேர்லயே, அப்பாவை இணைக் கடன்தாரரா போட்டு எடுக்கறது நல்லது. சம்பாதிக்க ஆரம்பிச்சதும் அவனே கட்டலாம், கழிவும் அவனுக்கு. ஏழரை லட்சம் வரைக்கும் அரசு உத்தரவாதத் திட்டத்துல அடமானம் இல்லாம கடன் தர வழி இருக்கு.

ரிப்பீட் பண்றதே தப்புன்னு நான் சொல்லல. நிலைமையே அப்படி ஆயிடுச்சு. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல கொடுத்த அறிக்கைப்படி, தமிழ்நாட்டுல மருத்துவம் சேர்ந்தவங்கள்ல ரிப்பீட்டர்கள் 2016-17-ல 12.47 சதவீதம், 2020-21-ல 71.42 சதவீதம். முதல் தடவையே கிடைக்கணும்னு பிள்ளை மேல கோபப்படறவங்க இந்த நம்பரை ஒரு தடவை பார்க்கணும். நீட் போயிடும்னு காத்திருக்கறதும் பிளான் ஆகாது. 2021-ல சட்டமன்றம் நிறைவேத்தின விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதுன்னு 2025 ஏப்ரல்ல முதல்வரே சட்டமன்றத்துல அறிவிச்சார்.

ரிப்பீட் பண்ணலாமா வேண்டாமான்னு பார்க்க எனக்கு ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, மார்க்கைப் பார்க்காம ரேங்க்கைப் பாருங்க. 2024-ல 720-க்கு 720 எடுத்தவங்களே பல பேர், 2025-ல முதலிடமே 686. தாள் கஷ்டமா இருந்தா எல்லாருக்கும் மார்க் குறையும், இந்த வருஷ மார்க்கை போன வருஷ கட்-ஆஃபோட ஒப்பிட்டு அழறதுல அர்த்தம் இல்ல. மாநில தரவரிசைல, அவனோட பிரிவுல, கடைசியா இடம் கிடைச்சவருக்கும் அவனுக்கும் எவ்வளவு தூரம்? ரொம்ப நெருக்கம்னா இன்னொரு வருஷத்துக்கு நியாயம் இருக்கு. ரொம்ப தூரம்னா, அதே கோச்சிங்ல அதே பாடத்தை இன்னொரு தடவை கேட்கறதால என்ன மாறும்னு அவன்கிட்டயே கேளுங்க. பதில் தெளிவா வந்தா காசு போடலாம்.

ரெண்டாவது, "எத்தனை வருஷம்"ங்கறதை பணம் கட்டறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க. நீட்டுக்கு உச்ச வயசு வரம்பு கிடையாது, எத்தனை தடவை வேணாலும் எழுதலாம். கேட்க நல்லா இருக்கும். ஆனா நிறுத்தற இடத்தை தேர்வு சொல்லாது, நீங்கதான் சொல்லணும். ஸ்டாப் லாஸ் போடாம நஷ்டத்துல இருக்கற பங்கை "இன்னும் கொஞ்சம் ஆவரேஜ் பண்ணுவோம்"னு வாங்கிட்டே போற மாதிரி, மூணாவது வருஷம் நாலாவது வருஷம்னு போற வீடுகள் இருக்கு. அந்த வரம்பில்லாத விதியிலயே ஒரு நல்லதும் இருக்கு. வேற படிப்புல சேர்ந்துட்டு அடுத்த வருஷம் நீட் எழுதறதுக்கு எந்தத் தடையும் இல்ல. பி.எஸ்சி. விவசாயத்துலயோ நர்சிங்லயோ சேர்ந்து, முதல் வருஷம் படிச்சுக்கிட்டே எழுதலாம். கஷ்டம்தான், ரெண்டு படகுல கால். ஆனா வரலன்னாலும் கையில ஒரு வருஷம் முடிஞ்ச டிகிரி இருக்கும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணமும் காலேஜ்ல சேர்ந்திருந்தாத்தான் வரும்.

சேர்ந்துட்டு நடுவுல எம்பிபிஎஸ் சீட் வந்தா கட்டின பணம் போயிடுமேன்னு ஒரு பயம் இருக்கும். யுஜிசி 2024-25 கல்வியாண்டுக்கு சொன்னது, செப்டம்பர் 30-க்குள்ள விலகினா முழுக் கட்டணமும் திருப்பித் தரணும், அக்டோபர் 31 வரைன்னா 1,000 ரூபாய்க்கு மேல பிடிக்கக் கூடாது. ஒரிஜினல் சான்றிதழை காலேஜ் பிடிச்சு வச்சுக்கவும் கூடாது. கோச்சிங் சென்டருக்கும் 2024 ஜனவரியில மத்திய கல்வி அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு. நடுவுல நின்னா மீதி நாளுக்கான கட்டணத்தை பத்து நாளுக்குள்ள திருப்பித் தரணும், விடுதிக் கட்டணமும் சேர்த்து. அதை அமல்படுத்தறது மாநிலங்கள் கையில, அதனால நடைமுறைல சண்டை போட வேண்டியிருக்கும். மொத்தமா ஒரே தவணையில கட்டினா தள்ளுபடின்னு சொன்னாலும், தவணையாவே கட்டுங்க. ரீஃபண்ட் விதியை எழுத்துல வாங்கிக்குங்க.

வெளிநாட்டு எம்பிபிஎஸ் பத்தி சுருக்கமா. ஏஜென்ட் சொல்ற மொத்தத் தொகையோட நிக்காது. திரும்பி வந்து எஃப்எம்ஜிஇ தேர்வு எழுதணும், 300-க்கு 150 எடுக்கணும். சமீபத்துல நடந்த பல தேர்வுகள்ல மூணுல ஒருத்தர் கூட தேறல. அந்த நம்பரைப் பார்த்துட்டு நிலத்து மேல கை வைங்க.

கடைசியா பணம் இல்லாத ஒரு விஷயம். "உனக்காக அண்ணன் லோன் போட்டிருக்கான்"னு வீட்ல தினமும் சொல்லிக் காட்டினா, அந்தப் பிள்ளை தூக்கற பாரம் சிலபஸை விட அதிகம். இந்த ஊர்ல நீட்டால எத்தனை வீட்ல இழவு விழுந்ததுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். லோன் தொகையை அவன்கிட்ட சொல்லாதீங்க, திறந்திருக்கற கதவோட லிஸ்டைக் கொடுங்க. ரிசல்ட் வர்ற அன்னைக்கு முடிஞ்சா லீவு போட்டு ஊருக்குப் போங்க. பேச்சு குறைஞ்சு, தூக்கம் குறைஞ்சு இருந்தா 104 அல்லது 14416-க்கு கூப்பிடுங்க, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

உங்க வீட்ல இப்போ பத்தாவது எழுதற பிள்ளை இருந்தா, குரூப், பள்ளி ரெண்டையும் இந்த வாரமே பேசிடுங்க. பன்னிரண்டாவதுன்னா ஐஏடி விண்ணப்பத்துல இருந்து ஆரம்பிங்க, அதுதான் முதல்ல மூடும். போன்ல காலண்டரைத் திறந்து, மார்ச்சுல ஒண்ணு, மே முதல் வாரம் ஒண்ணு, ஜூன் முதல் தேதி ஒண்ணுன்னு ரிமைண்டர் போட்டுடுங்க. பாஸ்வேர்ட், ஓடிபி போற மொபைல் நம்பர் உங்களோடதாவே இருக்கட்டும். ஊர்ல ப்ரவுசிங் சென்டர்காரர் நம்பரைக் கொடுத்துட்டு, கவுன்சலிங் அன்னைக்கு கடை பூட்டிக் கிடந்தா ஒண்ணும் பண்ண முடியாது.